"நல்ல கொழுப்பு" கூடினால் மாரடைப்பு வராதா? - ஒரு துளிப் புரதம் சொன்ன பாடம்

அது ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பி. சுண்டு விரல் நுனியை விடச் சற்றே பெரியது. உள்ளே இருப்பது ஒரு துளித் திரவம்.

அதை உறைய வைத்து, உலர் பனிக்கட்டிக்கு நடுவில் பத்திரமாகப் பொதிந்து, பார்சல் கட்டி அனுப்புகிறார்கள். ஆராய்ச்சிச்சாலையில் வந்து இறங்கியதும் பூஜ்யத்துக்குக் கீழே 70, 80 டிகிரி குளிரில் பூட்டி வைக்கிறார்கள்.

"ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்குக் கொடுக்கக் கூடாது" என்று அதனுடன் வரும் சீட்டில் அச்சிட்டு இருக்கும்.

ஆனால் உள்ளே இருப்பதோ மனிதப் புரதம்! மனித உடம்பில் இருந்து எடுக்காமல், ஒரு வகை எலியின் செல்களில் உற்பத்தி செய்து எடுத்த மனிதப் புரதம்.

இந்த ஒரு துளியை நம்பித்தான் உலகின் பெரிய மருந்து கம்பெனிகள் கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டின. மாரடைப்பை ஒழித்துக்கட்டி விடலாம் என்று கனவு கண்டன. அந்தக் கனவு எப்படி உடைந்தது, அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நமக்கு என்ன?

"அமெரிக்க ஆராய்ச்சிச்சாலை சமாச்சாரம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம்.

மாதுங்காவில் கணக்கு எழுதுகிறவர் ஆனாலும், தாராவியில் தோல் பட்டறையில் நிற்கிறவர் ஆனாலும், நாற்பது வயது தாண்டியதும் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். மறுநாள் ஒரு சீட்டு கைக்கு வருகிறது. அதில் வரிசையாகச் சில எண்கள். மொத்தக் கொலஸ்டிரால் இவ்வளவு, எல்.டி.எல். இவ்வளவு, எச்.டி.எல். இவ்வளவு, டிரைகிளிசரைடு இவ்வளவு.

எல்.டி.எல். "கெட்ட கொழுப்பு", எச்.டி.எல். "நல்ல கொழுப்பு" என்று பக்கத்தில் இருப்பவர் விளக்கம் சொல்லுவார். "எச்.டி.எல். குறைவாக இருக்கிறதே, அதைக் கூட்ட மாத்திரை உண்டா?" என்ற கேள்வி உடனே பிறக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் விஞ்ஞானிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள்.

சரக்கு மாற்றும் கூலி

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே கொழுப்பைத் தனியாக ரத்தத்தில் விட முடியாது. புரதத்தால் பொதிந்து சிறு சிறு உருண்டைகளாக உடம்பு அனுப்புகிறது. இவற்றைச் சரக்கு வண்டிகள் என்று வைத்துக் கொள்ளலாம்.

எல்.டி.எல். என்ற வண்டி கொலஸ்டிராலை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுவதும் ஓடுகிறது. அளவுக்கு மீறி ஓடினால் சரக்கு ரத்தக்குழாயின் சுவரில் இறங்கிப் படிகிறது. குழாய் குறுகுகிறது. ஒரு நாள் படிவு வெடித்து ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்கிறது. அதுதான் மாரடைப்பு.

எச்.டி.எல். என்ற வண்டி, திசுக்களில் மிஞ்சிய கொலஸ்டிராலைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு போகிறது.

இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு கூலி நிற்கிறான். ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் பாதையும் பிராட்கேஜ் பாதையும் சந்தித்த ஜங்ஷன்களில், ஒரு வண்டியில் இருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றினார்கள் அல்லவா? அதே வேலைதான்.

எச்.டி.எல். வண்டியில் உள்ள கொலஸ்டிராலை எடுத்து எல்.டி.எல். வகை வண்டிகளில் ஏற்றுகிறான். பதிலுக்கு அங்கிருந்து டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை எடுத்து இங்கே போடுகிறான்.

அந்தக் கூலிதான் நமது குப்பியில் உள்ள புரதம். அதன் முழுப்பெயர் "கொலஸ்டிரால் எஸ்டர் மாற்றுப் புரதம்". சுருக்கமாக சி.இ.டி.பி. என்கிறார்கள்.

முயலுக்கு உண்டு, எலிக்கு இல்லை!

1913-ம் ஆண்டு ரஷியாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி, முயல்களுக்குக் கொலஸ்டிராலைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார். முயல்களின் ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிந்தது.

அதே மாதிரித் தீனியை எலிகளுக்குக் கொடுத்தால் அவ்வளவு சுலபத்தில் படிவது இல்லை. இதன் காரணங்களில் ஒன்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. முயலின் ரத்தத்தில் இந்த மாற்றுப் புரதம் நிறைய இருக்கிறது. எலியிலும் சுண்டெலியிலும் அறவே இல்லை!

1975-ல் முயல் ரத்தத்தில் இப்படி ஒரு "சரக்கு மாற்றும்" வேலை நடக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

1977-ல் இன்னொரு செய்தி வந்தது. அமெரிக்காவில் பிரமிங்காம் என்ற ஊரில் 1948 முதல் மக்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. "நல்ல கொழுப்பு" என்ற பெயர் பரவ இந்த ஆராய்ச்சி பெரிதும் காரணமாயிற்று.

ஜப்பானில் ஒரு அதிசயம்

1980-களில் ஜப்பானிய டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சாதாரணமாக ஒருவருக்கு எச்.டி.எல். 40, 50 என்ற அளவில் இருக்கும். சிலருக்கு மட்டும் 150-ஐத் தாண்டி இருந்தது.

அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்ததில், மாற்றுப் புரதமே இல்லை என்று தெரிந்தது. பரம்பரையாக வரும் ஜீன் கோளாறுதான் காரணம் என்று 1989-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானி ஆலன் டாலும், ஜப்பானிய டாக்டர்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

விஞ்ஞானிகளின் மனதில் ஒரு திட்டம் உருவாயிற்று.

கூலியைத் தடுத்து விட்டால்? எச்.டி.எல். வண்டியில் இருக்கும் சரக்கு அதிலேயே இருக்கும். எல்.டி.எல். வண்டிக்குப் போகாது. நல்லது கூடும், கெட்டது குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அப்படி ஒரு மருந்தைத் தேட வேண்டும் என்றால், முதலில் அந்தப் புரதம் கையில் வேண்டும்.

எலியின் செல்லில் மனிதப் புரதம்

ஒரு லிட்டர் ரத்த நீரில் இந்தப் புரதம் ஏறக்குறைய 2 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க, மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களைக் கழித்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் மனித ரத்தத்தை நம்பி இருக்க முடியாது.

இங்கேதான் மரபுப் பொறியியல் கை கொடுத்தது.

1987-ல் அமெரிக்காவின் ஜெனன்டெக் கம்பெனி விஞ்ஞானிகளும் ஆலன் டாலும் சேர்ந்து, இந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்று செல்லுக்குச் சொல்லும் ஜீன் குறிப்பைப் படித்து முடித்தார்கள். 476 அமினோ அமிலங்களை மணி மாலை போல் கோத்தால் இந்தப் புரதம் கிடைக்கும் என்று தெரிந்தது.

குறிப்பு கிடைத்து விட்டது. சமைக்க ஆள் வேண்டுமே?

மனித இன்சுலினைச் செய்ய பாக்டீரியாவைப் பயன்படுத்தினார்கள். 1982-ல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆனால் மாற்றுப் புரதம் இன்சுலினைப் போல் சிறியது அல்ல. அதன் மேல் நாலு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்ட வேண்டும். சாதாரண பாக்டீரியாவுக்கு அந்தக் கை வேலை தெரியாது.

ஆகவே ஹாம்ஸ்டர் என்ற குட்டை வால் எலியின் செல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-ல் ஒரு சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையில் இருந்து எடுத்த செல்களின் வம்சம், இன்றும் உலகம் முழுவதும் கண்ணாடிப் பாத்திரங்களில் பெருகிக் கொண்டிருக்கிறது.

அந்தச் செல்லுக்குள் மனித ஜீனைப் புகுத்துகிறார்கள். செல் அதைத் தன்னுடைய குறிப்பு என்று நினைத்து மனிதப் புரதத்தைச் செய்து வெளியே கக்குகிறது. அந்தத் திரவத்தை வடிகட்டி, பிரித்து, சுத்தம் செய்தால் குப்பி தயார்.

ஹெபடைடிஸ்-பி என்ற மஞ்சள் காமாலைக்கு இந்தியாவில் போடும் தடுப்பூசியும் இந்த முறையின் தம்பிதான். அதை ஈஸ்ட் செல்லில் செய்கிறார்கள். 1997-ல் ஐதராபாத்தில் உள்ள சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இந்தியாவிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஒளி வந்தால் தோல்வி!

குப்பியை வைத்து மருந்தைத் தேடுவது எப்படி?

ஒரு தட்டில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வகைச் செயற்கைக் கொழுப்பு உருண்டைகளைப் போடுகிறார்கள். ஒரு வகை உருண்டையில் மினுங்கும் சாயம் ஏற்றிய கொழுப்பை நெருக்கி அடைத்திருப்பார்கள். நெருக்கத்தினால் அது மினுங்காது. இன்னொரு வகை காலி வண்டி.

இதில் மாற்றுப் புரதத்தை விட்டால், அது சாயச் சரக்கைத் தூக்கிக் காலி வண்டியில் போடும். நெருக்கம் தளர்ந்து சாயம் மினுங்கத் தொடங்கும்.

இப்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு ரசாயனத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒளி வந்தால் கூலி வேலை செய்கிறான். அந்த ரசாயனம் தோல்வி. ஒளி வராவிட்டால் கூலியின் கையை அது கட்டி விட்டது என்று பொருள். அதை மேலும் ஆராய்வார்கள்.

இப்படிச் சோதித்து முதலில் வெற்றி கண்டவற்றில் ஒன்று ஜப்பானின் சிகரெட் கம்பெனியான ஜப்பான் டொபாக்கோ என்பது வேடிக்கை! அதன் மருந்து முயல்களின் ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதைக் குறைத்தது என்று 2000-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

ஒரே நாளில் நொறுங்கியது

ஆனால் பந்தயத்தில் முந்தி ஓடியது அமெரிக்காவின் பைசர் கம்பெனி. அதன் மருந்தின் பெயர் டார்செட்ராபிப். அதற்காக ஏறக்குறைய 80 கோடி டாலர் செலவிட்டதாகச் சொல்லப்பட்டது.

ஏழு நாடுகளில் 15 ஆயிரத்து 67 பேர் சோதனைக்குச் சேர்ந்தார்கள். எல்லாரும் இதய நோய் ஆபத்து உள்ளவர்கள். எல்லாருக்கும் வழக்கமான கொலஸ்டிரால் மாத்திரை கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே புதிய மருந்து.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் பிரமாதம்! ஓராண்டில் எச்.டி.எல். 72 சதவீதம் கூடியது. எல்.டி.எல். 25 சதவீதம் குறைந்தது. சீட்டைப் பார்த்தால் எந்த டாக்டரும் முதுகில் தட்டிக் கொடுப்பார்.

2006 நவம்பர் 30-ந் தேதி பைசர் கம்பெனி முதலீட்டாளர்களைக் கூட்டி, இந்த மருந்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியது.

இரண்டே நாள். டிசம்பர் 2-ந் தேதி சோதனை நிறுத்தப்பட்டது.

காரணம், சாவுக் கணக்கு. பழைய மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 51 பேர். புதிய மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 82 பேர்! சோதனையைக் கண்காணித்த தனிக் குழு அந்தக் கணக்கைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லி விட்டது.

முழுக்கணக்கு 2007-ல் வெளிவந்தபோது அது 59-க்கு 93 ஆக உயர்ந்திருந்தது. இவர்கள் அனைவரும் தாமாக முன்வந்து சோதனைக்குத் தங்களை ஒப்படைத்தவர்கள். எச்.டி.எல். கூடிய நிலையிலேயே அவர்கள் இறந்தார்கள்.

துப்புக் கொடுத்த சுண்டெலி

என்ன தவறு நடந்தது? புரதத்தைத் தடுத்தது தவறா, மருந்தே விஷமா?

அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் ஐந்து புள்ளிக்கு மேல் ஏறியிருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி, உப்பைத் தேக்கி வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்திருந்தது.

இந்த மருந்தைச் சாதாரணச் சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் ரத்த அழுத்தம் ஏறியது!

சுண்டெலிக்குத்தான் மாற்றுப் புரதமே கிடையாதே? தடுக்க அங்கே ஆளே இல்லாதபோது அழுத்தம் ஏறினால், அது மருந்தின் வேறு ஒரு கோளாறுதான். 2008-ல் வெளியான இந்த முடிவு, ரத்த அழுத்தம் ஏறிய பழி புரதத்தைச் சேராது என்று காட்டியது.

அப்படியானால் அந்தக் கோளாறு இல்லாத மருந்து வேலை செய்ய வேண்டும் அல்லவா? மற்ற கம்பெனிகள் தைரியமாகக் களத்தில் இறங்கின.

மூன்று மருந்து, மூன்று முடிவு

ஜப்பான் டொபாக்கோவின் மருந்தை, டால்செட்ராபிப் என்ற பெயரில் சுவிட்சர்லாந்தின் ரோச் கம்பெனி 15 ஆயிரத்து 871 பேரைச் சேர்த்துச் சோதித்தது. எச்.டி.எல். கூடியது. மாரடைப்பு குறையவில்லை. 2012-ல் கைவிட்டார்கள்.

எலி லில்லி கம்பெனியின் எவாசெட்ராபிப் மருந்து எச்.டி.எல். அளவை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்தியது. 12 ஆயிரத்து 92 பேர் சேர்ந்த சோதனை. பலன் இல்லை. 2015-ல் நிறுத்தினார்கள்.

மெர்க் கம்பெனியின் அனாசெட்ராபிப் மருந்தை 30 ஆயிரத்து 449 பேரிடம் நாலு ஆண்டுகளுக்கு மேல் சோதித்தார்கள். 2017-ல் வந்த முடிவில் மட்டும் சிறிது பலன் தெரிந்தது. மாரடைப்பு போன்ற ஆபத்துகள் நூற்றுக்கு 9 பங்கு குறைந்தன.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அந்தப் பலனுக்கு எச்.டி.எல். கூடியது காரணம் அல்ல. கெட்ட கொழுப்பு குறைந்த அளவுக்கு எவ்வளவு பலன் வர வேண்டுமோ, அவ்வளவுதான் வந்திருந்தது!

அந்த மருந்து உடம்பின் கொழுப்புத் திசுவில் ஆண்டுக்கணக்கில் தங்கி விடுவதும் தெரிந்தது. விற்பனைக்கு அனுமதி கேட்கப் போவது இல்லை என்று கம்பெனியே அறிவித்து விட்டது.

எச்.டி.எல். கூட்டும் நியாசின் மாத்திரையின் கதியும் இதுதான். 25 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் அதுவும் மாரடைப்பைக் குறைக்கவில்லை.

எச்சரிக்கை முன்பே வந்தது

எச்சரிக்கை மணி முன்பே அடித்தது என்பதுதான் வருத்தமான செய்தி.

ஜப்பானில் ஒமகாரி என்ற பகுதியில் மாற்றுப் புரதம் குறைந்தவர்கள் அதிகம். அவர்களுக்கு எச்.டி.எல். மிக உயர்வு. அவர்கள் நீண்ட ஆயுளுடன் வாழ்கிறார்களா என்று பார்த்தார்கள். அப்படி இல்லை என்று 1997-லேயே ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று.

2012-ல் ஜீன்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியும் இதை உறுதி செய்தது. பிறவியிலேயே எச்.டி.எல். மட்டும் சற்றுக் கூடுதலாக அமைந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வரவில்லை.

அப்படியானால் பிரமிங்காமில் கண்டது பொய்யா? பொய் அல்ல. நன்றாக நடப்பவர்கள், சிகரெட் பிடிக்காதவர்கள், தொந்தி இல்லாதவர்களுக்கு எச்.டி.எல். கூடுதலாக இருக்கிறது. அவர்களுக்கு மாரடைப்பும் குறைவு. எச்.டி.எல். அந்த நல்ல உடம்பின் அடையாளம். அடையாளத்தை மட்டும் மாத்திரையால் மாற்றினால் உடம்பு மாறி விடாது. காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் இறங்குமா?

குப்பி வீண் அல்ல

அதனால் அந்தப் புரதம் வீணாகி விடவில்லை.

2007-ல் பைசர் விஞ்ஞானிகளே அதன் உருவத்தை வெளியிட்டார்கள். வாழைப்பழம் போல் வளைந்த உடம்பு. உள்ளே ஒரு சுரங்கப்பாதை. அதன் நீளம், ஒரு மில்லிமீட்டரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கூறாகப் போட்டால் வரும் ஒரு கூறு அளவு. அதற்குள் இரண்டு கொலஸ்டிரால் எஸ்டர்கள் பயணிகள் போல் உட்கார்ந்திருந்தன!

இப்போது மருந்து தேடுகிறவர்களின் குறி மாறியிருக்கிறது. ஒபிசெட்ராபிப் என்ற புதிய மருந்து இந்தப் புரதத்தைத் தடுத்து, எல்.டி.எல். அளவைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது என்று 2025-ல் முடிவு வெளியாயிற்று. "நல்லதைக் கூட்டுவோம்" என்ற பேச்சு போய், "கெட்டதைக் குறைப்போம்" என்ற பேச்சு வந்திருக்கிறது.

53 வயதில் வரும் ஆபத்து

இந்தப் பாடம் நம்மவர்களுக்கு ரொம்பவும் அவசியம்.

52 நாடுகளில் நடந்த "இன்டர்ஹார்ட்" ஆராய்ச்சியில், மற்ற நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 58, 59 என்று தெரிந்தது. இந்தியா உள்ளிட்ட தெற்கு ஆசியாவில் அது 53! மகளுக்குக் கல்யாணம் பேசும் வயது. ஊரில் வாங்கிய வீட்டுக் கடனில் பாதி பாக்கி இருக்கும் வயது.

மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு, ஒன்பது காரணங்களால் விளைகிறது என்றும் அந்த ஆராய்ச்சி 2004-ல் கூறியது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மனக்கவலை முதலியவை அதில் அடக்கம். காய்கறி, பழம் சாப்பிடாததும், உடற்பயிற்சி இல்லாததும் கூடச் சேரும்.

இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரி செய்ய வெளிநாட்டு மருந்து வர வேண்டியது இல்லை. பீடி, சிகரெட்டை விடலாம். இரண்டு பஸ் நிறுத்தம் நடக்கலாம். மெஸ் சாப்பாட்டில் வடையைக் குறைத்துக் கீரையைக் கூட்டலாம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரையை, "இப்போதுதான் நன்றாக இருக்கிறதே" என்று பாதியில் நிறுத்தாமல் இருக்கலாம்.

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பல ஆண்டு சோதனையில் தேறியவை. யாருக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று டாக்டர் சொல்லுவார். பக்கத்து அறைக்காரர் சாப்பிடுகிறார் என்று தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

"நல்ல கொழுப்பைக் கூட்டித் தருகிறோம்" என்று யாராவது பொடியோ, மாத்திரையோ விற்க வந்தால், அந்த 82 பேரை நினைத்துக் கொள்ள வேண்டும்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வரும்போது, எச்.டி.எல். குறைவாக இருந்தால் அதற்காக மட்டும் மனம் உடைந்து போக வேண்டாம். கூடுதலாக இருந்தால் அதை நம்பிக் கவலையற்று இருந்து விடவும் வேண்டாம். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்:

"என் எல்.டி.எல். எவ்வளவு, அதை எவ்வளவுக்கு இறக்க வேண்டும்?"